அங்கத்தினர்களுக்கு மட்டும்

மதுவைக் கையாலும் தொட்டறியாத ஒருவன் மதுச்சாலையைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர்கள் நகைப்பார்கள் என்பதை அறிவேன். நகைக்கட்டும். சென்ற மாதம் இப்பகுதி வெளிவராததற்குக் காரணம் கேட்டவர்களிடம், விடுப்பெடுத்து இங்கிலாந்து சென்றிருந்தேன் என்றேன். உடனே எல்லாரும் லண்டன் எப்படியிருந்தது என்றே கேட்டார்கள். லண்டனில் நான் இருந்தது ஒன்றரை நாள். அதிலும் பெரும்பொழுது ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில், தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டும் இட்டிலி தின்றுகொண்டும் கழிந்தது. மீதி நாட்களெல்லாம் பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக் என்னும் தொழில் நகரில், தங்கை வீட்டில். 2024இல் அங்கே திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையில் அவள் நர்ஸாக இருக்கிறாள்.

ஸ்மெதிக்கில் எனக்கு முதலில் பிடித்தது அதன் ரயில் நிலையமே. கால்டன் பிரிட்ஜ் என்று பெயர். 1995இல் திறந்தது. ஒரு பாதை கீழே ஓட, மற்றொரு பாதை அதன் தலைக்கு மேல் குறுக்கே ஓடுகிறது. மேல் நடைமேடையில் நின்று கீழ் வண்டியைப் பார்க்கலாம். பக்கத்திலேயே, கால்வாயின் மேல் 1829இல் டெல்ஃபோர்டு என்னும் பொறியாளர் அமைத்த இரும்புப் பாலம் நிற்கிறது. ஒரே வீச்சில் 150 அடி. அதைப் பார்க்க நான் மூன்று முறை சென்றதைத் தங்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

நீராவி இயந்திரங்களைச் செய்வதற்கென்றே போல்டனும் வாட்டும் 1796இல் தொழிற்சாலை திறந்த ஊர் அது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கே வார்ப்படச் சாலைகள் பெருகின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த உலைகளின் முன் நிற்க உள்ளூரில் ஆள் போதவில்லை. பஞ்சாபிலிருந்து ஆட்கள் சென்றனர். வேலை கிடைத்தது. வேலை முடிந்து தாகத்தோடு வந்தபோதுதான் இடம் கிடைக்கவில்லை. பல மதுச்சாலைகளில் இந்தியருக்கு ஓர் அறையில் மட்டும் பரிமாறுவார்கள். சிலவற்றில் அதுவும் இல்லை. 1964 தேர்தலில் அவ்வூரில் நிறவெறிப் பிரசாரம் உலகறிந்த அவமானமாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ், இந்தியத் தொழிலாளர் சங்கத்தாரின் அழைப்பில் அங்கே வந்து மார்ஷல் தெருவில் நடந்தார். ஒன்பதே நாட்களில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வந்த நினைவாக அத்தெருவில் ஒரு நீலப் பலகை பதித்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த மதுச்சாலை அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான். பெயர் வேண்டாம். அதன் பழைய பெயர் சிலரை வருத்தும்.

ஒரு சனிக்கிழமை மாலை மைத்துனர், “மச்சான், ஊருக்குப் போவதற்குள் ஒரு தேசி பப்பைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எலுமிச்சம்பழச் சாறு குடியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்” என்றார். ‘தேசி பப்’ என்பது பஞ்சாபியர் நடத்தும் மதுச்சாலை. அப்பகுதியில் இப்போது அவை ஏராளம். பீருக்குப் பேர்போனவையோ இல்லையோ, தந்தூர் அடுப்புக்குப் பேர்போனவை.

வெளியிலிருந்து பார்த்தால் நம் யார்டில் உள்ள பழைய சரக்குக் கொட்டகைக்கு மதிலும் சன்னலும் வைத்தது போலிருந்தது. உள்ளே நுழைந்ததும் திகைத்தேன். நம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குள்தான் வந்துவிட்டேனோ என்று தோன்றிற்று. அதே நீண்ட கூடம். கோடியில் அதே மேடை. மேடையில் ஜிகினாத் திரை. அத்திரைக்கு முன்னால் பாட்டுக்காரர் இல்லை. இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து ஆட்டிறைச்சியும் ரொட்டியும் உண்டுகொண்டிருந்தன. சுவரில் 1 முதல் 90 வரை எண்கள் கொண்ட பெரிய மின்விளக்குப் பலகை இருந்தது. நம் இன்ஸ்டிட்யூட்டில் தம்போலா ஆடுகிறோமே, அதை அங்கே பிங்கோ என்பார்கள். அந்தப் பிங்கோப் பலகையை இப்போதைய உரிமையாளர் வீணாக்கவில்லை. உணவுக்குச் சொன்னதும் ஒரு எண் கொடுக்கிறார்கள். சமையலறையில் உணவு தயாரானதும் அந்த எண் பலகையில் எரிகிறது. எங்களுக்கு 22 வந்தது. அது எரிந்ததும் மேடைமேல் இருந்த ஒரு கிழவி, பழைய பிங்கோக்காரர் வழக்கப்படி, “இரண்டு வாத்துக் குஞ்சுகள்!” என்று ஆங்கிலத்தில் கூவினாள். கூடம் முழுதும் வாத்துப் போல் கத்திற்று. பன்னீரும் மசாலாத் தூவிய உருளைக்கிழங்கு வறுவலுமாக என் வாத்துகள் வந்து சேர்ந்தன.

சந்தேகமின்றி அது ஒரு சங்கத்தின் கட்டடம்தான். இங்கிலாந்தில் உழைப்பாளர் சங்கங்கள் என்று ஆயிரக்கணக்கில் இருந்தன. 1862இல் ஹென்றி சாலி என்னும் பாதிரியார் அவற்றுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார். அதன் பெயரிலேயே ‘இன்ஸ்டிட்யூட்’ என்ற சொல் இருக்கிறது. தொழிலாளி மதுக்கடைக்குப் போகாமல் படிக்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகவே மது கூடாது என்று தொடங்கினார். மது இல்லாத சங்கத்துக்கு ஆள் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே பீர் வந்தது, ஆட்களும் வந்தார்கள். 1970களில் அந்தக் கூட்டமைப்பில் ஏறத்தாழ 4,000 சங்கங்கள் இருந்தன. பாட்டு, பில்லியர்ட்ஸ், கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்குப் பரிசு, கோடையில் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் எல்லாம் உண்டு. நடத்துவது அங்கத்தினர்களே. இலாபம் யாருக்கும் இல்லை. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

மதுச்சாலைக்கும் சங்கத்துக்கும் உள்ள வேற்றுமை வாசற்படியில் இருக்கிறது. மதுச்சாலை பொதுவிடம். சங்கத்தில் சேர, ஓர் அங்கத்தினர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிய வேண்டும். பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் தொங்கவிடுவார்கள். பிறகு கமிட்டி கூடி முடிவு செய்யும். 1965இல் இனப் பாகுபாட்டுத் தடைச்சட்டம் வந்தது. அது மதுச்சாலைக் கதவைத் திறந்தது. சங்கத்துக் கதவைத் தொடவில்லை. 1968இல் மற்றொரு சட்டம் வந்தது. அதன்பின் ஓர் இந்தியர் அரசியல் சங்கமொன்றில் சேர விண்ணப்பித்தார். கமிட்டியில் ஓட்டுகள் சரிசமமாகப் பிரிந்தன. தலைவர் தம் தீர்மான ஓட்டை அவருக்கு எதிராகப் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. சங்க அங்கத்தினர்கள் ‘பொதுமக்களில் ஒரு பகுதியினர்’ ஆகமாட்டார்கள், எனவே சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்கு எவ்வூரில் எழுந்தது என்றால், ஈஸ்ட் ஹாமில்! நான் இட்டிலி தின்ற அதே ஈஸ்ட் ஹாமில். 1974இல் பிரெஸ்டன் நகரத்துச் சங்கம் ஒன்றின் வழக்கிலும் அதே தீர்ப்பு. 25 அங்கத்தினர்களும் அதற்கு மேலும் உள்ள சங்கங்கள் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகுதான் அந்தச் சந்து அடைபட்டது.

இவ்வளவும் எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. அன்று எனக்குக் கண்ணில் பட்டது ஒரு பித்தளைத் தகடு. ‘அங்கத்தினர்களுக்கு மட்டும்’ என்று அதில் பொறித்திருந்தது. அது ஒரு காலத்தில் வாசலில் இருந்தது. இப்போது தந்தூர் அடுப்பறையின் கதவில் இருக்கிறது. பக்கத்தில், தலைவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் வரிசையாக எழுதிய மரப்பலகை. வரிசை 2009 வரை வருகிறது. அதற்குக் கீழே அதே தங்க எழுத்தில் சமையற்காரரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்!

உரிமையாளர் நாற்பது வயதுள்ள சர்தார்ஜி. வார்ப்படச் சாலைகள் மூடின, இளைஞர்கள் வரவில்லை, 2007இல் புகைபிடிக்கத் தடை வந்ததும் கிழவர்களும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், கட்டடம் விலைக்கு வந்தது, வாங்கினேன் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். “மற்றதை மாமாஜியிடம் கேளுங்கள்” என்று ஒரு மூலை மேசையைக் காட்டினார்.

அங்கே வெண்தாடிச் சர்தார்ஜி ஒருவரும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். எனக்கு இந்தி வருவதால் சர்தார்ஜியோடு பேச்சு எளிதாயிற்று. வெள்ளைக்காரர் பேசியது ஆங்கிலமே என்று மைத்துனர் உறுதியளித்தார். அவர் மொழிபெயர்த்துச் சொல்லியிராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சர்தார்ஜி என்னை எழுப்பி அழைத்துச் சென்று கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த ஒரு தடித்த பேரேட்டைக் காட்டினார். பரணில் கிடந்ததாம். சேர விரும்பியோரின் பெயர்கள், தொழில், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிவு என்று பத்தி பத்தியாக, நாங்கள் அலுவலகத்தில் எழுதுவது போன்ற ஒழுங்கான கையெழுத்து. 1971ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஏழு பெயர்கள். ஆறு பெயர்களுக்கு எதிரே ‘சேர்க்கப்பட்டார்’. ஒன்றுக்கு எதிரே ஒரு கோடு மட்டும். காரணம் எழுதவில்லை. அந்தப் பெயர் அவருடையது.

“முன்மொழிந்தவர் யார் என்று பாருங்கள்” என்றார். பார்த்தேன். பிறகு மூலை மேசையைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் தம் கறுப்பு பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் திரும்பி வந்து அமர்ந்ததும் அவரே பேசினார். “நான்தான் இவர் பெயரைக் கொடுத்தேன். வார்ப்படத்தில் எனக்கு எதிரே நின்றவர். திங்கட்கிழமை கமிட்டி வேண்டாம் என்றது. சனிக்கிழமை நான் சங்கத்துக்குப் போனேன்.”

“அந்தச் சனிக்கிழமையா?” என்றார் மைத்துனர்.

“அந்தச் சனிக்கிழமையும். அதற்குப் பின் முப்பது வருஷத்துச் சனிக்கிழமைகளும். என் அண்ணன் அங்கே இருந்தான். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அங்கேதான். வேறு எங்கே போவேன்?”

நான் சர்தார்ஜியிடம் மெல்ல இந்தியில், “இது உங்களுக்கு அப்போது தெரியுமா?” என்றேன். அவர் உரக்கச் சிரித்தார். “தெரியாமல் என்ன! திங்கட்கிழமைதோறும் பிங்கோவில் எவ்வளவு ஜெயித்தேன் என்று உலை முன்னால் நின்று இவரே சொல்வாரே!”

1976க்குப் பிறகு விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டேன். “கேட்டார்கள். சட்டம் தள்ளிவிட்ட நாற்காலியில் உட்கார எனக்கு மனமில்லை. இப்போது மருமகன் கடை, உட்காருகிறேன்” என்றார். இருவரும் சனிக்கிழமைதோறும் அந்த மேசைக்கு வருகிறார்கள். யார் காசு கொடுப்பது என்று அன்றும் ஒரு சச்சரவு நடந்தது. வெள்ளைக்காரர் வென்றார். என் எலுமிச்சம்பழச் சாற்றுக்கும் அவரே கொடுத்தார்.

வீடு திரும்புகையில் மைத்துனர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். என் செவியில் ஏறவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வெட்டாமல் விட்டால் நல்லது.

நம் சங்கத்திலும் முன்மொழிதல், வழிமொழிதல், கமிட்டி முடிவு எல்லாம் உண்டு. யார்டுக்கு அப்பால் தகரக் குடிசைகளில், காண்டிராக்டரிடம் தண்டவாள வேலை பார்க்கும் விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்களில் ஒருவர், தம் பெண்ணை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று தை மாதம் என்னிடம் வந்தார். அங்கத்தினரின் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு என்பது விதி. படிவம் வாங்கி, நானே நிரப்பி, முன்மொழிந்தேன். கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை. வகுப்பில் இடம் போதாது என்றார் ஒருவர். இன்றிருப்பார், நாளை வேறு காண்டிராக்டில் போய்விடுவார், சந்தா நிலுவையாகும் என்றார் மற்றொருவர். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். அதன்பின் நான்கு கூட்டங்கள் நடந்துவிட்டன. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் சென்று காரம் ஆடிவிட்டு வருகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. போன வாரம் லெவல் கிராஸிங் அருகே பார்த்தேன். “மாமா, கிளாஸ் எப்போ?” என்று கேட்டாள்.

வருகிற ஞாயிறு கமிட்டி கூடுகிறது. விண்ணப்பம் காரியதரிசியின் மேசையில், வலப்புறத்து இழுப்பறையில், சந்தாப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. முதல் ஆண்டுச் சந்தாவை அவர் அன்றே கொடுத்துவிட்டார். அதற்கு ரசீது இன்னும் எழுதப்படவில்லை.