காலடியில் கிடக்கும் தென்னாசியா

தென்னாசியாவின் அரசியலையும் வரலாற்றையும் பண்பாடுகளையும் ஆராய விரும்பும் இளைஞன் ஒருவன் எங்கே செல்லவேண்டும் என்று வினவினால், இலண்டனுக்கும் சிக்காகோவுக்கும் வழி கூறுவோர் எம்மிடையே பலர் உளர். மாத்தளைக்கு வழி கூறுவோர் எவருமிலர். மாத்தளையிலேயே படிப்பிக்கும் நாமும் நெடுங்காலம் அவ்வாறு கூறியதில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

அறிவுத்துறை எதுவும் ஆட்சியின் தேவைகளிலிருந்து முற்றாக விலகி நின்றதில்லை. 1837இல் மகாவம்சத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜோர்ஜ் டேர்னர், குடியேற்ற அரசின் அதிகாரி. 1916இல் இலண்டனிற் கீழைத்தேயக் கல்விக்கூடம் நிறுவப்பட்டபோது, சாம்ராச்சியத்துக்குக் கீழைமொழி தெரிந்த அலுவலர் வேண்டியிருந்தனர். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, ஆசிய மொழிகளைப் படிப்பிக்கப் பணம் ஒதுக்கியது. எதன்பொருட்டு அப்பணம் என்பதைச் சட்டத்தின் பெயரே கூறிற்று. 1962 முதல், இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயைக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்கு வாங்கப்பட்டன.

இதனால் அவ்வறிஞர் அனைவரும் ஏகாதிபத்தியத்தின் ஏவலாளர் என்று நாம் கூறவரவில்லை. அது சோம்பேறிகளின் வாதம். எம் ஊர்களிற் செல்லரித்துப்போன எத்தனையோ நூல்களை அவர்கள் காத்துவைத்தனர். எம் இலக்கியங்களை உலகறியச் செய்தனர். அதற்கு நாம் நன்றியுடையோம். எமது குற்றச்சாட்டு எம்மீதே. அவர்கள் தம் தேவைக்கு எம்மைக் கற்றனர். எம் தேவைக்கு நாம் யாரைக் கற்றோம்?

மாத்தளையிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பாதையைப் பாருங்கள். நகரைத் தாண்டியதும் அலுவிகாரை வருகின்றது. வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென்பது மரபு. அப்பாற் சென்றால் நாலந்தா கெடிகே. பல்லவர் கட்டடக்கலையின் சாயலில் அமைந்த பௌத்த ஆலயம். அதற்கும் அப்பால் தம்புள்ளைக் குகைகள். அவற்றைப் புதுப்பித்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். 1753இற் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து இந்நாட்டில் உபசம்பதாவை மீள நிறுவச் செய்தவனும் அவனே. அதே தம்புள்ளையில் 1848இல் கொங்காலேகொட பண்டாவை மக்கள் மன்னனாக முடிசூட்டினர். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, வீதி வேலைக்கும் ஆளை இழுத்த ஆட்சிக்கெதிராக மாத்தளை கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஐம்பது கிலோமீற்றருக்குள் தமிழகமும் சீயமும் மலாக்காவும் வந்து கலந்துவிடுகின்றன.

இவ்வழியாகவே, மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து ஏழைகள், காட்டினூடு கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்களுக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. பாடநூலிற் கோப்பியும் தேயிலையும் ஏற்றுமதிப் பண்டங்களாக வருகின்றன. அவற்றைப் பறித்த கைகள் வருவது அரிது.

பத்தாந்தர வகுப்பொன்றில், "உங்கள் பாட்டனாரின் பாட்டனார் எவ்வழியாக இம்மலைக்கு வந்தார்?" என்று கேட்டோம். லயத்திலிருந்து வரும் பிள்ளைகளே வகுப்பிற் பெரும்பாலோர். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "சேர், இது சோதனைக்கு வருமா?" என்று கேட்டாள். அவள்மீது கோபங்கொள்ள எமக்கு உரிமை இருக்கவில்லை. வராதென்பதை நாமும் அறிவோம்.

குற்றம் ஒரு பக்கத்தது மட்டுமன்று. துட்டகைமுனுவின் வெற்றியையே நாட்டின் வரலாறெனக் கொள்வோரைக் கண்டிக்கும் நாம், எல்லாளனை வைத்து அதே பிழையைச் செய்கின்றோம். எம்போன்ற தமிழ்ப் பட்டதாரிகள் இராசேந்திரன் கடாரம் கொண்டதைக் கூறும்போது குரலை உயர்த்துகின்றோம். அதே கடாரத்தின் இறப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழ்க் கூலிகளைப் பற்றி ஒரு வினாத்தானும் எழுப்புவதில்லை. மன்னர் கொடியைப் பின்தொடரும் வரலாறு சிங்களத்தில் எழுதப்பட்டாலென்ன, தமிழில் எழுதப்பட்டாலென்ன? உழைப்பவனுக்கு அதில் இடமில்லை.

"பழைய புண்களைக் கிளறலாமா?" என்பர் சிலர். அறியாமையே அப்புண்களை ஏற்படுத்திற்று என்பது எமது பதில். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1964இற் புதுடில்லியில் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவன் லயத்தின் கதையை அறிந்திருந்தால், லயத்தவன் 1848இன் கதையை அறிந்திருந்தால், மக்களைப் பண்டம்போற் பங்கிடுதல் அத்துணை எளிதாக இருந்திருக்குமா? கோத்தகிரியிலும் கூடலூரிலும் தன் உறவினர் ஏன் வாழ்கின்றனர் என்பதை அறியாத பிள்ளைக்குத் தென்னாசியா ஒரு தேசப்படம் மட்டுமே.

செய்யவேண்டியது பெரிதன்று. தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் சிங்களப் பிள்ளை தமிழையும் புள்ளிக்காகவன்றி வாசிப்பதற்காகக் கற்கட்டும். மாணாக்கர் தத்தம் தோட்டத்தின், கிராமத்தின் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அவ்வெழுத்தைப் பாடசாலை பேணிவைக்கட்டும். அயல்நாட்டு இலக்கியங்கள் தமிழுக்கு வரட்டும்.

1823இல் தொடங்கிய வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மூதாதையர் நடந்த திசையில் நடந்து, பதினாறாம் நாளான ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. பிற இனத்தவரும் உடன் நடந்தனர். எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்திராத பாடத்தை அம்மக்கள் தாமே நடந்து கற்றனர். படிப்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் இன்னும் வகுப்பறையிலேயே நிற்கின்றோம். அடுத்த தவணையில் எம் மாணாக்கரை அலுவிகாரைக்கும் நாலந்தாவுக்கும் அழைத்துச்செல்ல எண்ணியுள்ளோம். சோதனைக்கு வருமா என்று அச்சிறுமி மீண்டும் கேட்டால், வராது என்றே கூறுவோம். ஆயினும் அவளை அழைத்தே செல்வோம்.