இடைச்செருகல் என்னும் புகலிடம்

சமய நூலொன்றில் மனத்துக்கு ஒவ்வாத சுலோகம் ஒன்றினை எவரேனும் எடுத்துக்காட்டியதும், நம்மவரிடமிருந்து தயக்கமின்றி வரும் விடை ஒன்றுண்டு: "அது இடைச்செருகல்." எந்தச் சுவடியில் அச்சுலோகம் இல்லை, எந்த உரையாசிரியர் அதனை அறியார், அதன் மொழிநடை எக்காலத்தது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. விடை கூறுபவருக்கு அச்சுலோகம் பிடிக்கவில்லை. ஆகவே அது மூலத்தில் இருந்திருக்க இயலாது. சொற்பொழிவு மேடைகளில் இவ்வழக்கம் நிலவுவதில் வியப்பில்லை. கற்றோர் அவையிலும் இது எதிர்ப்பின்றி உலாவுவதே கவலைக்குரியது.

இடைச்செருகல்கள் இல்லை என்பது எமது வாதமன்று. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் தனியே அச்சிடப்பட்டிருப்பதைக் கண்ட எவரும் அவ்வாறு கூறத் துணியார். ஆனால் இடைச்செருகல் என்பது ஓர் ஆய்வு முடிபு. சுவடிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை நிறுத்துப் பார்த்து அடையவேண்டிய முடிபு. சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பதிப்புத்துறைக்கு ஈந்த மண்ணிலே பிறந்த நாம், இதனைப் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை.

மனுதர்ம சாத்திரத்தை நோக்குவோம். தயானந்த சரஸ்வதி தமது சத்தியார்த்தப் பிரகாசத்தில் (1875) மனுவைப் பெருமளவு சான்றாகக் கொண்டாரெனினும், செருகப்பட்ட சுலோகங்களை விலக்கியே கொண்டார். வேதத்துக்கு முரணாயின் பிற்சேர்க்கை என்பது அவர் வழிவந்தோர் கைக்கொண்ட அளவுகோல்களுள் ஒன்று. அவ்வழியில் எழுந்த பிற்காலப் பதிப்பொன்று, நூலின் சுலோகங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றைச் செருகல் எனக் கழித்துவிட்டது. பாதிக்கு மேல் இடித்த பின்னர் வீடு பழுதின்றி இருக்கின்றது என்று மகிழ்வதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும்!

இலங்கையிற் பிறந்த வடமொழி அறிஞர் பற்றிக் ஒலிவெல், ஐம்பதுக்கு மேற்பட்ட சுவடிகளை ஒப்புநோக்கி 2005 இல் மனுவின் ஆய்வுப் பதிப்பினை வெளியிட்டார். சில பகுதிகள் பின்னர் சேர்ந்தவை என அவரும் கருதினார். ஆயினும் நூலின் கட்டுக்கோப்பு ஒருவரது திட்டத்தின் விளைவு என்பதே அவர் கண்ட முடிபாகும். மகளிரைப் போற்றுமாறு பணிக்கும் மூன்றாம் அத்தியாயச் சுலோகமும், மகளிர்க்கு எப்பருவத்திலும் தன்னுரிமை இல்லை என விதிக்கும் ஒன்பதாம் அத்தியாயச் சுலோகமும் ஒரே சுவடிகளில் வாழ்ந்து வந்தவை. முன்னதை நாம் மேடையில் முழங்குகின்றோம். பின்னதை யாரோ ஒரு பெயரறியா எழுத்தன் நுழைத்துவிட்டான் என்கின்றோம். 1927 டிசெம்பர் 25 இல் மகாட் என்னுமிடத்தில் மனுஸ்மிருதியை எரித்த அம்பேத்கரும் அவருடன் நின்றோரும், மூலம் எது, செருகல் எது எனப் பிரித்தறிய முற்பட்டாரல்லர். முழுநூலாகவே அது அவர்கள்மேல் ஆட்சி செலுத்தியது.

சரி, சுவடிகளையே நடுவராகக் கொள்வோம் எனின் நேர்வது யாது? இதற்கு மகாபாரதத்தைவிடத் தக்க சான்று இல்லை. பூனாவிலுள்ள பண்டார்க்கர் கீழைத்தேய ஆராய்ச்சி நிறுவகம் 1919 இல் தொடங்கி 1966 இல் நிறைவுசெய்த ஆய்வுப் பதிப்பு, காசுமீரம் முதல் மலையாளம் வரையுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளை ஒப்புநோக்கியது. வி. எஸ். சுக்தாங்கர் 1925 முதல் 1943 இல் மறையும் வரை அப்பணியை வழிநடத்தினார். பல சுவடிக் குடும்பங்களுக்குப் பொதுவானது எதுவோ அதுவே மூலத்துக்கு அண்மையது. சில சுவடிகளில் மட்டும் காணப்படுவது, எத்துணை இனியதாயினும் அடிக்குறிப்புக்கோ பிற்சேர்க்கைக்கோ செல்லவேண்டியது. இதுவே அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி.

அந்நெறி யாருக்கும் சலுகை காட்டவில்லை. வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்னும் கதை பிற்சேர்க்கைக்குச் சென்றது. சூதன் மகனை வரியேன் என்று திரௌபதி சுயம்வரத்திற் கர்ணனை விலக்குவதும் மூலத்திலிருந்து அகன்றது. இதனால் மகிழ்வோர் பலர். ஆனால் எட்ஜர்ட்டன் பதிப்பித்த சபாபருவத்தில் (1944), துகிலுரியப்படும் வேளையில் திரௌபதி கண்ணனை அழைத்து இறைஞ்சும் பகுதியும் அகன்றது. ஆடை வளர்கின்றது, வளர்த்தவர் யார் என்பது அங்கு சொல்லப்படவில்லை. உத்தியோகபருவத்திலே, தொலைவிலிருந்த தன்னை அவள் அழைத்ததைக் கண்ணன் நினைவுகூர்வது பதிப்பிலும் நிற்பதால், வழக்கு இன்னும் முடியவில்லை என்று வாதிடும் அறிஞர் உளர். அவ்வாதம் மதிக்கத்தக்கது. ஏனெனில் அது விருப்பத்திலிருந்து எழாமல் மூலபாடத்திலிருந்தே எழுகின்றது.

துரோணர் ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டுப் பெற்ற கதையோ ஆதிபருவத்தில் அசையாது நிற்கின்றது.

இடைச்செருகல் வாதத்தில் இன்பங் காண்போரை ஈண்டு ஒன்று கேட்கவேண்டும்: சுவடிகளின் தீர்ப்பினை ஏற்கின்றீர்களா? ஏற்பின் கண்ணனின் அருளை அடிக்குறிப்பில் வைத்து, ஏகலைவனின் விரலை மூலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மன் சந்நிதியிற் தீமிதிக்கும் அடியாரிடம் சென்று, கண்ணன் வந்தது பிற்காலத்தார் கற்பனை என்று கூறுவார் எவருமில்லை, கூறவேண்டியதுமில்லை. வில்லிபுத்தூரார் பாடியதும், பாரதி பாஞ்சாலி சபதத்திற் பாடியதும், நம் கூத்தர் ஆடுவதும் அந்தப் 'பிற்காலக் கற்பனை'யையேயாகும். அது நமக்கு உயிருள்ள சமயம். அவ்வாறாயின், பிற்பட்டது என்ற காரணத்தினாலேயே இன்னொரு பகுதி உயிரற்றதாகிவிடும் என்று எங்ஙனம் கூறுவது?

சம்புகன் கதையை எண்ணுக. இராமாயணத்தின் உத்தரகாண்டம் பிற்பட்டது என்பதை யாக்கோபி 1893 அளவிலேயே வலியுறுத்தினார், அம்முடிபு உறுதியானது. கம்பரும் முடிசூட்டு விழாவுடன் நிறுத்திக்கொண்டார். எனினும், தவஞ்செய்த குற்றத்துக்காகச் சூத்திரனொருவன் தலை கொய்யப்பட்டதைக் காளிதாசர் இரகுவம்சத்திலும் பவபூதி உத்தரராம சரிதத்திலும் எடுத்தாண்டனர். அவர்களுக்கு அது செருகலன்று, இராமாயணமே. அக்கதையைக் கேட்டுத் தம் நிலை இதுவென உணர்த்தப்பட்ட தலைமுறைகளிடம் காண்டம் பிற்பட்டது எனச் சொல்லி என்ன பயன்?

மூலபாட ஆராய்ச்சி முற்றிலும் வென்ற ஒரு வழக்கினையும் கூறவேண்டும். இருக்குவேதம் பத்தாம் மண்டலம் பதினெட்டாம் சூக்தத்தின் ஏழாம் மந்திரம், ஈமச்சடங்கில் மகளிர் முன்னே செல்வதைக் கூறுவது. அம்மகளிர் கைம்பெண்கள் அல்லர் என்பதையும் மந்திரமே சொல்கின்றது. அடுத்த மந்திரமோ, இறந்தவன் அருகிலிருக்கும் பெண்ணை எழுந்து உயிர்வாழ்வோர் உலகுக்கு வருமாறு அழைக்கின்றது. ஏழாம் மந்திரத்தின் இறுதியிலுள்ள, 'முன்னே' எனப் பொருள்படும் 'அக்ரே' என்பது, தீயைக் குறிக்கும் 'அக்னே:' எனப் படிக்கப்பட்டு உடன்கட்டைக்கு வேதச்சான்றாயிற்று. கோல்புறூக் 1795 இல் வெளியிட்ட கட்டுரையில் நெருப்புடனேயே அம்மந்திரம் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. எச்.எச். வில்சன் 1854 இல் இப்பிழையை விளக்கினார். மாக்ஸ் முல்லர் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். ஓரெழுத்தின் மாற்றம் இத்துணைக் கொடுமைக்குத் துணைபோயிற்று என்பது மெய்யே.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். உடன்கட்டையைத் தடைசெய்த சட்டம் 1829 டிசெம்பர் 4 இல் வந்தது. பாடபேதம் தெளிவாகுமுன் கால் நூற்றாண்டுக் காலம் அது நடைமுறையில் இருந்தது. இராம்மோகன் ராய் அதற்கு முன்னரே தமது துண்டுப்பிரசுரங்களில் அவ்வழக்கத்தைத் தாக்கி எழுதியிருந்தார். அந்தப் போராட்டம் அவ்வோரெழுத்தின் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அச்சட்டத்தை எதிர்த்த தர்மசபையின் தலைவர்களுள் ஒருவரான இராதாகாந்த தேவர், வில்சனின் திருத்தத்தைக் கண்டு வாதத்தைக் கைவிட்டாரா? இல்லை. வேறொரு சாகையின் வாக்கியங்களை எடுத்துக்காட்டி, உடன்கட்டைக்கு வேதச்சான்று உண்டென்றே மறுமொழி எழுதினார்.