அறுநூறு ரூபாயும் ஏழு ஆண்டுகளும்

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள் நம் நாட்டுப்புறத்துப் பெரியவர்கள். தென்னை வைத்தவன் தன் கைப்படக் காய் பறிப்பான் என்ற நம்பிக்கையிலே பிறந்த மொழி அது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன்னே அந்த நம்பிக்கையைக் கஜா புயல் வேரோடு பிடுங்கிப் போட்டது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தக் காற்று, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் வட்டாரங்களிலே லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. படுக்கப்போகும்போது தோப்புக்காரனாக இருந்தவன், எழுந்திருக்கும்போது கடன்காரனாக இருந்தான்.

"அது தஞ்சைக் கடற்கரையின் கதை, மழைக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் மேலநீலிதநல்லூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிணற்றடியிலும் வீட்டுப் புறக்கடையிலும் நாலு தென்னை, பத்துத் தென்னை என்று வைத்துப் பிழைக்கிறவர்கள் நம்மவர்கள். புயல் கடற்கரையோடு நின்றுவிடும் என்று எவரும் உறுதிப் பத்திரம் எழுதித் தரவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி கன்னியாகுமரி மாவட்டத்தின் வாழையையும் ரப்பரையும் தென்னையையும் சாய்த்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களிலே நம் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெற்குச் சீமைக்கு ஆபத்தில்லை என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. எனவே, அடுத்தவன் தோப்பு விழுந்தபோது நடந்ததை நாம் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

கஜாவுக்குப் பிறகு சர்க்கார் விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு என்றது. வெட்டி அகற்ற 500 ரூபாய் என்றது. ஆக மரத்துக்கு 1,100. ஹெக்டேருக்கு 175 மரம். மொத்தம் 1,92,500 ரூபாய். மறுநடவுக்கு உதவியும் தனியே அறிவிக்கப்பட்டது. தலைப்பிலே போடும்போது பெரிய தொகைதான். ஆனால் 500 ரூபாய் மரத்தை அறுக்கிறவனுக்கும் வண்டிக்கும் போய்விடும். கையிலே நிற்பது 600.

நன்றாகப் பார்த்துக்கொண்ட மரம் ஆண்டுக்கு 80 காய் தரும். காய் எட்டு ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 640 ரூபாய். அதாவது, ஒரு மரத்தின் ஓராண்டுக் காய்விலைக்குக் கூட அந்த இழப்பீடு எட்டவில்லை! மறுபடி நட்ட நெட்டை ரகம் பலன் தர ஆறு, ஏழு ஆண்டு ஆகும். ஒட்டு ரகமானாலும் நாலைந்து ஆண்டு. ஏக்கருக்கு 70 மரம் வைத்திருந்தவனுக்கு 42,000 ரூபாய். ஏழு ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 500. புறக்கடையிலே பத்து மரம் வைத்திருந்த கூலிக்காரக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ஏழு ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 71 ரூபாய்!

நாம் கேட்பது இதுதான்: சர்க்கார் மரத்தை எண்ணியது, ஆண்டை யார் எண்ணினார்கள்? நெல் விழுந்தால் அடுத்த போகம் உண்டு. தென்னை விழுந்தால் கையிலிருந்த குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஏழு ஆண்டும் அடுப்பு எரிய வேண்டாமா?

பட்டியலில் இல்லாதவர்கள்

பட்டாவையும் அடங்கலையும் பார்த்து எழுதும் கணக்கிலே, அவற்றில் பெயரில்லாத குத்தகைக்காரன் எங்கே நிற்பான்? மரம் ஏறுகிறவன், மட்டை உரிக்கிறவன், கீற்று முடைகிற பெண்கள், கயிற்றுத் தொழிலிலே இருப்பவர்கள் எங்கே நிற்பார்கள்? மரம் விழுந்தபோது இவர்களுடைய கூலியும் விழுந்தது. ஆனால், விழுந்த கூலியை எண்ண எந்த அதிகாரியும் வருவதில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருந்தது, உண்மை. கஜா வருமுன்பே தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய், காப்பீடு 900 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்கு 14 ரூபாய், காப்பீடு 1,750. அந்தப் பிரீமியத்திலும் விவசாயியின் பங்கு கால்வாசிதான். மீதியை வாரியமும் மாநில சர்க்காரும் ஏற்கும். ஐந்து மரம் வைத்திருப்பவனும் சேரலாம். ஒரு தேநீர் விலைக்கும் குறைவான காசு! இந்தச் செய்தி எத்தனை புறக்கடைக்கு எட்டியது? திட்டம் கோப்பிலே இருந்தது. மரம் தோப்பிலே இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

விழுந்தபின் செய்வது என்ன?

கோரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். காரியம் ஒரு பக்கம் நடக்க வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் ஒரே குருத்து. குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும்; குருத்து போனால் மரம் போனது. ஆதலால் காற்று அடித்த மறுநாளே அரிவாளை எடுத்துப் பச்சை மட்டைகளையெல்லாம் கழித்துவிடக் கூடாது. தொங்கினாலும் பச்சை மட்டைதான் அடிபட்ட மரத்துக்குச் சோறு போடுகிறது. சாய்ந்த இளமரத்தை நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, வேருக்கு மண் அணைக்க வேண்டும். குருத்தழுகல் வராமல் போர்டோ கலவை ஊற்ற வேண்டும்.

விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைப்பது அடுத்த ஆபத்து. அழுகும் தண்டிலே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு புதுக்கன்றின் குருத்தைத் துளைக்கும். காயம்பட்டு நிற்கும் மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். புயல் விட்டுவைத்ததை வண்டு தின்றுவிடும். 2013 நவம்பர் 8-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலே ஹையான் புயல் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைச் சேதப்படுத்தியபோது, விழுந்த மரங்களை அங்கேயே அறுத்துப் பலகையாக்கினார்கள். வீடு கட்டவும் அது பயன்பட்டது. நம் நாட்டிலோ விழுந்த தென்னை விறகு விலைக்குப் போனது. அறுக்கும் இயந்திரத்தை ஊருக்கு அனுப்பியிருந்தால் சுமையாகக் கிடந்த மரம் சொத்தாகியிருக்கும் அல்லவா?

புதுக்கன்று நட 25 அடி இடைவெளி, மூன்றடிக் குழி. இடையிலே உளுந்து, நிலக்கடலை, எள் போட்டால் காய்க்கும் வரை கொஞ்சமாவது கை நனையும்.

தென்னை மட்டும் போதாது. கஜா அடித்த ஊர்களிலே தென்னை சாய்ந்த இடத்திலும் பனை நின்றதைப் பார்த்தவர்கள் பலர். காற்றுக்கு விழாத அந்தப் பனையை நாமோ கோடரிக்கு விழவைத்தோம்! 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலே, 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் வழங்குவதாகச் சர்க்கார் அறிவித்தது; பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்லது. மேலநீலிதநல்லூர் வரப்புகளிலே பனை நிற்கட்டும். வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்றாலும், பேரன் பிழைப்பான்.

நம் கோரிக்கை

இழப்பீட்டை மரத்துக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், மறுபலன் வரும் வரை ஆண்டுதோறும் வாழ்க்கை உதவியாகக் கொடு! குத்தகைக்காரன் பெயரைக் கணக்கிலே ஏற்று! குழி வெட்டுவதையும் மரம் அகற்றுவதையும் கிராம வேலைத் திட்டத்திலே சேர்த்து, கூலி இழந்தவனுக்குக் கூலி கொடு! காப்பீட்டு விண்ணப்பத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவா!

தோழர்களே, இதற்குப் புயல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே தெருத்தெருவாகப் போங்கள். எந்த வீட்டிலே எத்தனை மரம், என்ன வயது, யார் உழைப்பு என்று நோட்டிலே குறியுங்கள். அடங்கலிலே மரம் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். மரம் நிற்கும்போது எழுதிய கணக்குதான் மரம் விழுந்த அன்று பேசும்!