நொய்யல் பூதத்துக்குப் பத்து ரூபாய்

சென்ற வாரம் நமது சங்கக் காரியாலயத்திற்கு நான்கு வாலிபர்கள் வந்தார்கள். இருவர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஒருவர் நூல் மில் தொழிலாளி. நான்காமவர் நொய்யல் கரையில் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. கையில் ரசீதுப் புத்தகம் வைத்திருந்தார்கள். "ஒரு படம் எடுக்கப் போகிறோம், தோழர். ஆளுக்குப் பத்து ரூபாய் கேட்கிறோம்" என்றார்கள்.

என்ன படம் என்று கேட்டோம். பூதப்படமாம்! ஒரத்துப்பாளையம் அணையின் சேற்றிலிருந்து ஒரு பூதம் எழுந்து ஊருக்குள் வருகிறதாம். கைப்பேசியிலேயே படம் பிடிக்கப் போகிறார்களாம். பழைய ரப்பரையும் பஞ்சையும் கொண்டு பூதத்தின் தலையைச் செய்து முடித்துவிட்டார்களாம்.

இருந்தவர்களில் பலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் இரண்டு தோழர்கள் சிரிக்கவில்லை. மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "பேயும் பிசாசும் பொய் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தோம். அந்தக் கையாலேயே பூதத்துக்கு வசூல் செய்வதா?" சாயப்பட்டறையில் இருபது வருஷம் நின்ற இன்னொரு தோழர் சொன்னார்: "தம்பி, ஆற்றைப் பற்றிப் படம் எடுத்தால் மறுபடியும் பட்டறையை மூடு என்பார்கள். அன்றைக்கு என் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது?"

இரண்டும் நியாயமான கேள்விகள். சிரித்துவிட்டுப் போக முடியாது. நமது அபிப்பிராயத்தை இங்கே சொல்லுகிறோம்.

முதலில் பூதத்தைப் பற்றிப் பேசுவோம்.

1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் சமுத்திரத்தில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானிய மீன்பிடி படகு அப்போது அந்தக் கடலில் இருந்தது. படகில் 23 தொழிலாளர்கள். வானத்திலிருந்து வெண்சாம்பல் அவர்கள் தலையில் கொட்டியது. கரை திரும்பிய அத்தனை பேரும் நோயில் விழுந்தார்கள். படகின் ரேடியோ இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி மாண்டார். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் குடும்பப் பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 1955க்குள் அணுகுண்டுக்கு எதிராக ஜப்பானில் சேர்ந்த கையெழுத்துக்கள் 3 கோடிக்கும் மேல்!

குபோயாமா மாண்ட ஆறு வாரத்துக்குள், நவம்பர் 3ஆம் தேதி, ஜப்பானியக் கொட்டகைகளில் ஒரு பூதப்படம் வெளிவந்தது. அதுதான் 'கோஜிரா'. உலகம் அதைக் 'காட்ஸில்லா' என்று அறியும். படம் எப்படித் தொடங்குகிறது? நடுக்கடலில் ஒரு மின்னல் வெளிச்சம். ஒரு படகு எரிந்து மூழ்குகிறது. அதைப் பார்த்த ஜப்பானியத் தொழிலாளிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹைட்ரஜன் குண்டு கிளப்பிவிட்ட பூதம் அது. அந்தப் படத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டா, யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைக் கண்ணால் கண்டவர்.

1956இல் அமெரிக்க வியாபாரிகள் இந்தப் படத்தை வாங்கினார்கள். என்ன செய்தார்கள்? குண்டைக் குறைகூறும் பகுதிகளை வெட்டினார்கள். நடுவே ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரரைச் செருகினார்கள். பூதத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்! பூதத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பூதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அவர்களைக் குத்தியது.

இன்னொரு உதாரணம். 2000ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சியோல் நகரில் அமெரிக்க ராணுவ முகாமின் பிணவறையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற விஷத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அந்தச் சாக்கடை ஹான் ஆற்றில் போய்ச் சேருவது. மக்கள் கொதித்தார்கள். 2006இல் போங் ஜூன்-ஹோ என்ற இயக்குநர், ஆற்றில் விஷம் ஊற்றும் காட்சியோடு தொடங்கும் பூதப்படம் ஒன்றை எடுத்தார். 5 கோடிக்கும் குறைவான ஜனத்தொகை உள்ள அந்த நாட்டில் 1 கோடியே 30 லட்சம் டிக்கெட்டுக்கள் விற்றன.

ஆகவே மூத்த தோழருக்கு நாம் சொல்வது இதுதான். பயத்தை உண்டாக்கி மந்திரவாதியிடம் அனுப்பும் பூதம் ஒன்று. பயத்தின் காரணத்தைக் காட்டி மக்களைத் தெருவுக்கு அழைக்கும் பூதம் இன்னொன்று. முதலாவது நமக்கு விரோதி. இரண்டாவது நமக்குத் தோழன்.

நொய்யலின் கதை என்ன? பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் ஏராளமாக உப்புப் போட வேண்டும். சாயம் கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது. சாயத்தை வடிகட்டிய பிறகும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும், நிலத்தில் இறங்கும், கிணற்றைக் கெடுக்கும். பாசனத்துக்காக மக்கள் பணத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கட்டிய சில வருஷங்களிலேயே சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. அணையால் வாழ வேண்டிய விவசாயி, அணையைத் திறக்காதே என்று கெஞ்சும் காலம் வந்தது! நிலம் வைத்திருந்தவனுக்கு வெள்ளாமை போயிற்று. நிலமில்லாத கூலிக்காரனுக்கோ வேலையே போயிற்று. நஷ்ட ஈட்டுக் கணக்கில் நிலத்துக்காரன் பெயராவது இருக்கும். களையெடுத்தவள் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஆற்றைக் காப்பாற்றக் கோரி வருஷக்கணக்கில் போராடிய விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. அதை நாம் அன்றும் இன்றும் ஆதரிக்கிறோம். ஆனால் கதவு சாத்திய மறுநாள் தெருவில் நின்றவன் யார்? சாயத் தொட்டியில் கை வெந்தவன்தான். சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்து லாபம் பார்த்தவர்களோ, குறைந்த விலைக்குப் பனியன் கேட்டு நெருக்கிய அயல்நாட்டு வியாபாரிகளோ அன்று பட்டினி கிடந்தார்களா?

சாயப்பட்டறைத் தோழரின் பயம் இங்கிருந்து பிறந்தது. அது வீண் பயமல்ல. ஆனால் இந்தப் பயத்தை வளர்ப்பதில் யாருக்கு லாபம்? ஆலைத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் ஆற்றின் இரு கரைகளில் நிறுத்தி ஒருவரை ஒருவர் முறைக்க வைத்தால், ஆற்றின் நடுவே நின்று சிரிப்பவன் முதலாளிதான். கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் தண்ணீரை மறுபடி பட்டறைக்கே திருப்பும் முறை இருக்கிறது. திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதற்காகவே இயங்குகின்றன. வேலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்று இரண்டு கரையும் சேர்ந்து கேட்டால் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த நான்கு வாலிபர்களும் இரண்டு கரையிலிருந்தும் வந்தவர்கள். இந்தப் படத்தை ஆதரிக்க இது ஒன்றே போதாதா?

அடுத்த கேள்வி: பத்து ரூபாய் வசூலில் சினிமா எடுக்க முடியுமா? கோடி கோடியாய்க் கொட்டும் படமுதலாளிகளின் தொழிலல்லவா அது?

முடியும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1953இல் ஜப்பான் ஆசிரியர் சங்கம் 'ஹிரோஷிமா' என்ற படத்தை எடுத்தது. சங்கத்தின் ஆசிரியர்கள் ஆளுக்கு 50 யென் போட்டார்கள். அணுகுண்டு விழுந்த அதே நகரத்தின் மக்கள் சுமார் 90,000 பேர் கூலி வாங்காமல் அதில் தோன்றினார்கள். பெரிய கம்பெனி ஒன்று அமெரிக்காவைக் குறைகூறும் பகுதிகளை வெட்டினால்தான் படத்தை வெளியிடுவோம் என்றது. சங்கம் மறுத்தது, தானே வெளியிட்டது. அந்தப் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேதான் மறுவருஷம் கோஜிராவுக்கும் இசையமைத்தார்.

நமது தேசத்திலேயே 1976இல் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 'மந்தன்' படத்தைத் தயாரித்தார்கள். ஷியாம் பெனகல் இயக்கினார். தங்கள் படத்தைப் பார்க்க விவசாயிகள் லாரி லாரியாக வந்தார்கள். 2024இல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டுப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் 'ஒடேசா' தோழர்களும் கிராமம் கிராமமாகப் போய்ப் படம் காட்டி, துண்டேந்தி, சேர்ந்த காசில் 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை'யைத் தந்த அதே ஜான்தான்.

தமிழ்நாட்டில் நமது சொந்த அனுபவமும் உண்டு. 1960இல் தோழர்களும் நண்பர்களும் சேர்ந்து 'பாதை தெரியுது பார்' என்ற படத்தைக் கொண்டுவந்தார்கள். நிமாய் கோஷ் இயக்கினார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். தொழிலாளியின் வாழ்க்கையைப் பேசிய படம். பரிசு கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் கொட்டகையில் நீண்ட நாள் ஓடவில்லை. இதிலிருந்து நாம் படிக்கும் பாடம் என்ன? படம் எடுப்பது பாதி வேலைதான். மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. காசு கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று உட்கார்ந்துவிட்டால் படம் பெட்டிக்குள்ளேயே உறங்கும்.

ஆகவே நமது யோசனைகளைச் சொல்லுகிறோம்.

வாலிபர்களே! வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டுங்கள். உழைப்பாளியின் பத்து ரூபாய் அரைவேளைச் சாப்பாடு என்பதை மறவாதீர்கள். விளக்குத் தூக்குபவருக்கும் சமையல் செய்பவருக்கும் கூலி பாக்கி வைக்காதீர்கள். கூலியைத் தின்று எடுத்த படம் உழைப்பாளியின் படமாகாது. பூதத்துக்குக் கறுத்த தோலும் தடித்த உதடும் வைத்து எந்த ஜனத்தையும் இழிவுபடுத்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பூதம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாயத் தொட்டியில் நிற்பவனைப் பூதத்தின் தகப்பனாகக் காட்டாதீர்கள். அவன் அந்தப் பூதத்துக்கு முதல் இரை!

தோழர்களே! போராட்ட நிதியிலிருந்து ஒரு காசு எடுக்க வேண்டாம். அது வேறு, இது வேறு. விரும்பியவர் விரும்பியதைக் கொடுங்கள். கையில் காசு இல்லாதவர் ஒரு நாள் உடனிருந்து உதவுங்கள்; பூதத்தைக் கண்டு ஓடும் கூட்டத்துக்கு ஆள் வேண்டுமாம்! படம் முடிந்ததும் கொட்டகை கிடைக்காவிட்டால் சங்கக் கட்டிடச் சுவர் இருக்கிறது, பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, வெள்ளை வேட்டி இருக்கிறது. ஆலை வாயிலிலும் சேரித் தெருவிலும் திரையிடுவோம். படம் முடிந்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுவோம்.

படம் நன்றாக வரும் என்று நாம் வாக்களிக்கவில்லை. ரப்பர்த் தலை பாதியில் கழன்று விழலாம். பார்ப்பவர்கள் சிரிக்கலாம். கோஜிராவின் உடலும் உள்ளே ஒரு மனிதன் மூச்சுத் திணறி நடந்த ரப்பர்ச் சட்டைதான். அதன் எடை சுமார் 100 கிலோ. அந்தச் சட்டைக்குள் வேர்த்தவனும் ஓர் உழைப்பாளியே!

கடைசியில் ஒரு செய்தி. அன்று மாலை வாலிபர்கள் புறப்படும்போது முதல் ரசீதை வாங்கியவர் அந்தச் சாயப்பட்டறைத் தோழர்தான். "பூதம் முதலில் என் பட்டறைக் குழாய் வழியாகத்தானே வர வேண்டும்? குழாய் எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன்" என்றார்.

குழாயைக் காட்ட அவர் முன்வந்துவிட்டார். திரையைக் கட்ட நாம் முன்வருவோம்!