தழும்பைக் காட்டிச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை மேடையேற்றுகிறோம். 'சிங்கப்பெண்', 'போராளி' என்று சொல்லிச் சால்வை போர்த்துகிறோம். மேடையை விட்டு இறங்கிய பிறகு இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை.

பெருந்துயரைக் கடந்தவர்களிடம் ஒரு வளர்ச்சி ஏற்படலாம் என்கிறது உளவியல். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் இருவரும் அதை அளக்க 1996-இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், தன் பலத்தில் நம்பிக்கை, வாழ்வின் அருமையை உணர்தல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வளர்ச்சி வந்தால் வேதனை போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கும். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மறுபரிசோதனை தேதி நெருங்கினால் சோறு இறங்காது. சாதாரண முதுகுவலிகூட நோய் திரும்பிவிட்டதோ என்று பதறவைக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றிய பலருக்குக் கை வீங்கும். பாரம் தூக்க முடியாது. சித்தாள் வேலைக்குப் போகும் நம் அக்காவுக்கு அது வெறும் வீக்கமா? அன்றாடக் கூலியே போச்சு. காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சைக்கு உதவும். இழந்த கூலியை யார் தருவது?

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978-இல் ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. செயற்கை மார்பகம் வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போனவரிடம், இப்படி வந்தால் இங்கிருப்பவர்களின் உற்சாகம் கெடும் என்றார் செவிலியர். 1980-இல் வந்த தன் புற்றுநோய்க் குறிப்புகளில் லார்ட் இதைப் பதிவு செய்தார். மறைத்துக்கொண்டு வாழ்ந்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாது என்பது அவர் வாதம்.

இது நமக்குப் புரியாததா, தோழர்களே? 'அவங்க எதையும் தாங்குவாங்க' என்று சொல்லிச் சொல்லியே நம் மக்கள் தலையில் சுமை ஏற்றப்பட்டது. தாங்குவதைப் பாராட்டுகிறவர்கள் சுமையை இறக்கி வைப்பதில்லை. அதே பாராட்டை நோயிலிருந்து மீண்டவருக்கு நாமும் பரிசளிக்கலாமா?

அழுதால் அழட்டும். கோபப்பட்டால் கேட்போம். மறுபரிசோதனைக்குக் கூடவே போவோம். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம் என்று தெருத்தெருவாகச் சொல்வோம். அதோடு, சிகிச்சை முடிந்த பின்னும் அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசனை, வேலைக்குத் திரும்பும்வரை உதவித்தொகை, இந்த இரண்டையும் உரிமையாகக் கேட்போம்.