ஒரு கேமரா, ரெண்டு லைப்ரரி, ஏகப்பட்ட குழப்பம்

ஆண்டிபட்டி மாதிரி ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கேமராதான். இன்றைக்கு ஒரு கல்யாணம், நாளைக்கு மாவூற்று வேலப்பர் கோயிலில் அக்கா பிள்ளைக்கு மொட்டை, அடுத்த நாள் கைத்தறிச் சேலைக்கு விளம்பரப் படம். எல்லாம் ஒரே மெமரி கார்டில். கம்ப்யூட்டரில் மட்டும் தொழிலுக்கு ஒரு லைப்ரரி, வீட்டுக்கு ஒரு லைப்ரரி.

பிரிப்பது தப்பே இல்லை. ஊரார் கல்யாணப் படத்தை டிவியில் போட்டுக் காட்டும்போது நடுவில் நம் வீட்டு மொட்டைத் தலை எட்டிப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? :-)

சிக்கல் படங்களை ஏற்றும் இடத்தில்தான். ஆப்பிள் 2002-ல் கொண்டுவந்த ஐபோட்டோவிலும் சரி, 2015-ல் அதன் இடத்துக்கு வந்த போட்டோஸிலும் சரி, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால்தான் எந்த லைப்ரரி வேண்டும் என்று கேட்கும். இல்லையென்றால் கடைசியாகத் திறந்ததே திறக்கும். அவசரத்தில் கார்டைச் செருகி "எல்லாவற்றையும் ஏற்று" என்று அமுக்கினால், கல்யாணம் வீட்டு லைப்ரரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும்தான். ஆனால் திறந்திருக்கும் லைப்ரரிக்குள் மட்டுமே பார்க்கும். பக்கத்து லைப்ரரியில் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒரே படம் ரெண்டு இடத்தில். அதுவாவது தேவலை, வட்டில் கொஞ்சம் இடம்தான் வீண்.

பெரிய வில்லன் "ஏற்றியபின் கார்டிலிருந்து அழித்துவிடு" என்ற அந்த டிக். தப்பான லைப்ரரிக்குப் போனது தெரியாமல், சரியான லைப்ரரியில் தேடிப் பார்த்து "காணோம்" என்று முடிவுகட்டுவார்கள். கார்டிலும் இருக்காது. அதே கார்டில் அடுத்த விசேஷத்தையும் எடுத்துவிட்டால், அழிந்ததை மீட்கும் மென்பொருளாலும் முழுசாகக் காப்பாற்ற முடியாது. தாலி கட்டுகிற நேரத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா?

கோப்பின் பெயரை நம்பித் தேடலாம் என்றால் அதுவும் ஏமாற்றும். கேமரா தரும் எண் நாலு இலக்கம்தான். 9999-க்குப் பிறகு மறுபடி 0001. ரெண்டு வெவ்வேறு கல்யாணத்துக்கு ஒரே பெயரில் படம் இருக்கலாம். கேமராவில் தேதி தப்பாக இருந்தால் போச்சு, தேதி வைத்துத் தேடுவதும் வீண்.

ஆகவே கார்டிலிருந்து நேராக லைப்ரரிக்கு ஏற்றுவதே கூடாது. முதலில் டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்ய வேண்டும். கார்டில் எத்தனை படம், ஃபோல்டரில் எத்தனை படம் என்று எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு காப்பி. அதன்பிறகு நிதானமாக இது தொழிலுக்கு, இது வீட்டுக்கு என்று பிரித்து ஏற்றலாம். கார்டை அழிப்பது கடைசி வேலை, அதையும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது.

"ஒரே லைப்ரரியில் ஆல்பம் ஆல்பமாகப் பிரித்தால் போதாதா?" என்பார்கள். வீட்டுக்கு மட்டும் படமெடுப்பவருக்குத் தாராளமாகப் போதும். ஸ்டூடியோக்காரருக்குப் போதாது. ஐகிளவுடோடு இணைவது ஒரே ஒரு லைப்ரரிதான். தொழிலும் வீடும் அதிலேயே கலந்திருந்தால், யார் வீட்டுக் கல்யாணமோ அவர் பிள்ளைகள் விளையாடும் ஐபேடில் வந்து நிற்கும்.