டாக்டருக்கு எதுக்கு மளிகைக்கடைப் பேச்சு?

1/ "ஊசி போடுற வேலையைப் பாருங்க டாக்டர்"னு சிலர் சொல்வீங்க. என் வேலையைத்தான் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ கரடியூர் பக்கத்துல இருந்து வர்ற வயசான சர்க்கரை நோயாளிகள்கிட்ட நான் முதல்ல கேக்குறது, "சாப்பிட்டீங்களா?" சாப்பிடாம இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரையோ எடுத்தா சர்க்கரை இறங்கி மயங்கி விழுவாங்க. உயிரே போகலாம்.

3/ எஸ்டேட் கூலி வராத வாரத்துல அவங்க வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது எது? பக்கத்துக் கடைக்காரரோட கணக்கு நோட்டு. சூப்பர் மார்க்கெட் பில் கவுன்ட்டர்ல "கூலி வந்ததும் தர்றேன் தம்பி"ன்னு சொல்லிப் பாருங்க.

4/ 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுச்சு. அப்படிப்பட்ட நாள்ல கைகொடுக்கிறது ஒவ்வொரு ஊர்லயும் இருக்கிற சின்னக் கடையோட இருப்புதான். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ போயிட்டா, பாதை அடைபட்ட கிராமம் என்ன செய்யும்?

5/ "தமிழ்நாடுதான் எதிர்த்துச்சே?" உண்மை. 2012-ல மத்திய அரசு பல்பொருள் சில்லறை வணிகத்துல 51% அந்நிய முதலீட்டை அனுமதிச்சப்போ, ஜெயலலிதா அரசு இங்க வேண்டாம்னு சொன்னது. ஆனா அது வெளிநாட்டுப் பணத்துக்குப் போட்ட பூட்டு. உள்நாட்டுப் பெரிய கம்பெனிக்கு அந்தப் பூட்டு கிடையாது.

6/ அப்போ பூட்டு எங்க இருக்கணும்? கட்டட அனுமதியில. மலைக் கிராமங்களுக்குன்னே 1990-ல மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைச்சாங்க. ஏற்காடும் அதுக்குள்ளதான் வருது. மண், சரிவு, காடு எல்லாம் பார்க்கிறாங்க, நல்லது. கட்டடத்தை மலை தாங்குமான்னு கேக்குறாங்க. கடைத்தெரு தாங்குமான்னு யாரும் கேக்கிறதில்லை!

7/ கேக்க முடியாதா? பிரான்ஸ் 1973-லயே கேட்டது. சின்ன ஊர்கள்ல 1,000 சதுர மீட்டருக்கு மேல கடை திறக்க உள்ளூர்க் குழு ஒப்புதல் வேணும்னு சட்டம். அதையும் மீறி பெரிய கடைகள் பெருகினதால 1996-ல வரம்பை 300 சதுர மீட்டராக் குறைச்சாங்க. நம்ம கணக்குல சுமார் 3,200 சதுர அடி. பாடம் இதுதான்: சட்டம் மட்டும் போதாது, வரம்பு சரியா இருக்கணும், உறுதியா நிக்கணும்.

8/ "சூப்பர் மார்க்கெட்ல விலை கம்மி, சுத்தம்." ஒத்துக்கிறேன். சேலம் போனா நானும் வாங்குறேன். தடை கேக்கலை. சின்னக் கடைக்காரரும் எடையில ஏமாத்தாம, காலாவதி தேதி பார்த்து விக்கணும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

9/ நான் கேக்குறது மூணு. ஒண்ணு, மலைக் கிராமங்கள்ல கடைப் பரப்புக்கு உச்சவரம்பு. ரெண்டு, அதுக்கு மேல போனா சுத்துவட்டாரக் கடைகளுக்கு என்ன ஆகும்னு ஆய்வு. செலவு கம்பெனியோடது, ஆய்வு செய்றது அரசு. மூணு, அனுமதிக்கு முன்னாடி கிராம சபையில பொதுவா விசாரணை.

10/ கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரியான நாட்கள்ல கூடுது. அடுத்த தடவை போங்க. இந்த மூணையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. அந்தத் தீர்மானமே சட்டம் ஆகிடாது. ஆனா கேள்வி பதிவாகும். கடை மூடின பிறகு வந்து கேட்டா, என்கிட்ட அதுக்கு மருந்து இல்லை.